ஐம்பது வெள்ளிச் சர்வாதிகாரிகள்

அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்கு இரண்டு தகுதிகள் காரணம். ஒன்று, எனக்குத் தமிழ் பேச வரும். இன்னொன்று, என் தாத்தா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். நேர்காணலில் பேராசிரியர், கிராணி என்றால் யார் என்று கேட்டார். தோட்டத்து ஆபீசில் பெயர்ப் பட்டியல் எழுதுகிறவர், துரைக்கு அடுத்தபடி சப்பாத்து போட்டு நடந்தவர் என்று பெருமையாக விளக்கினேன். தோட்டத்து மக்களோடு மூன்று தலைமுறைத் தொடர்பு உள்ளவள் என்று அவர் தம் கோப்பில் எழுதிக்கொண்டார். அது எப்படிப்பட்ட தொடர்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உண்மையில் நான் பிறந்து வளர்ந்தது சிரம்பானில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், படிப்பு, பியானோ வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். தோட்டம் என்றால் என்ன என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா சொன்னதிலும் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் தூரத்தில்தான் வரும். இந்த வேலை வருவதற்கு முன் நான் சுகாதாரத் துண்டறிக்கைகளைத் தமிழாக்கம் செய்து பிழைத்துக்கொண்டிருந்தேன். கொசுவை ஒழிப்பது எப்படி என்று அதே எட்டு வரிகளை ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக மொழிபெயர்ப்பேன். அதனால் பல்கலைக்கழகத்து வேலை வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் வெளிநாட்டுக்காரர். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பனைத் தோட்டத்துக்குள் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வரும் அளவுக்கு நல்லவர். அவரோடு இரண்டு முனைவர்கள், ஒரு வேன், பூட்டு போட்ட பெட்டி ஒன்று. பெட்டிக்குள் பன்னிரண்டு டெப்லட்டுகள், ஒவ்வொன்றும் தடித்த நீல உறைக்குள் இருந்தன. கீழே விழுந்தாலும் உடையாதாம். நாங்கள் போன பாதையில் வேனே உடைந்துவிடும் போலிருந்தது.

ஆராய்ச்சி இதுதான். ஆளுக்கொரு டெப்லட். திரையில் ஐம்பது வெள்ளி உங்களுக்கு என்று வரும். விரலால் ஒரு கோட்டை இழுத்து, அதில் எவ்வளவு உங்களுக்கு, எவ்வளவு வேறொரு தோட்டத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு என்று நீங்களே பிரிக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது, கொடுத்தது நீங்கள் என்று அவருக்கும் தெரியாது. வைத்துக்கொண்ட பணம் சாயங்காலத்துக்குள் உங்கள் ஹென்ட்போனுக்கு வந்துவிடும். அவ்வளவுதான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சர்வாதிகாரி விளையாட்டு. யாரும் பார்க்காதபோது மனிதன் எவ்வளவு நல்லவன் என்று கண்டுபிடிக்கிறார்களாம். யாரும் பார்க்காதபோது என்று சொல்லிவிட்டு, ஓட்டுநரோடு சேர்த்து ஐந்து பேர் வேனில் வந்து இறங்கியிருந்தோம்.

விளக்கம் முழுவதும் டெப்லட்டிலேயே குரலாக வரும். அது என் குரல். படித்த தமிழ் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் நான் எழுதிப் பதிவு செய்திருந்தேன்: “அன்பார்ந்த பங்கேற்பாளரே, தங்களுக்கு வழங்கப்பட்டுள்ள தொகையினைத் தங்கள் விருப்பிற்கேற்பப் பகிர்ந்தளிக்கலாம்.” முதல் நாள், முன்பு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு காதுக்குழாயைக் கழற்றினார்.

“இது யாருலா டீச்சர்? ரேடியோவுல மரண அறிவிப்பு வாசிக்கிறவங்களா?”

நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. கையில் கோப்பும் மூக்கில் கண்ணாடியும் இருந்தால் தோட்டத்தில் டீச்சர்தான்.

தோட்டம் லிங்கிக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இருந்தது. ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது செம்பனை, அடுத்து வீடமைப்புத் திட்டம். நிலம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. செம்பனை வேலையை வெளிநாட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் மிச்சமிருந்த இருபது சொச்சம் குடும்பங்கள் டவுனுக்கு வேலைக்குப் போய், தூங்குவதற்கு மட்டும் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. இடத்தை வாங்கியவர்கள், செண்டாயான் பக்கம் இவர்களுக்கு மலிவு வீடு கட்டித்தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாருக்கும் இல்லை. யார் யாருக்கு என்று ஒரு லிஸ்ட் வரும் என்றார்கள். லிஸ்ட் வரும், லிஸ்ட் வரும் என்றே இரண்டு தீபாவளி போயிருந்தது.

இந்த இடத்துக்குத்தான் நாங்கள் போய் இறங்கினோம். இறங்கியதும் விளையாட்டை ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது. ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பர் என்ன? வீட்டில் எத்தனை பேர்? எத்தனை அறை? கூரை தகரமா, ஓடா? குழாய் உள்ளேயா, வெளியேயா? எத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறீர்கள்? வீடு யார் பேரில் இருக்கிறது? அதோடு, ஆளைச் சரிபார்க்க ஒரு போட்டோ. வசதியை அளக்கும் கேள்விகள் இவை, உலகம் முழுக்க இப்படித்தான் கேட்பார்கள் என்றார் இளைய முனைவர். உலகம் முழுக்க வீட்டுக்கு லிஸ்ட் எழுத வருகிறவனும் இதைத்தான் கேட்பான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

மூடிக் கிடந்த பழைய தாடிக்கா, தோட்டத்துப் பாலர் பள்ளிதான் எங்கள் ஆய்வுக்கூடம். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மடக்கி உட்கார்ந்தார்கள். ஒருவர் திரை இன்னொருவருக்குத் தெரியாதபடி நடுவில் அட்டை வைத்தோம். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். ஆறு மணிக்கே வந்து வாசலில் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். பெரட்டு நேரம் அது. வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் நின்று போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் ஆபீஸ் காரியம் என்றால் கால் தானாக அந்த நேரத்துக்கு வந்துவிடும். வரிசையின் முன்னால் நின்றவர் பழைய மண்டோர், கங்காணி வேலை பார்த்தவர், எழுபது வயது இருக்கும். இத்தனை பேரை மேய்த்த அதிகாரம் இடுப்பை விட்டு இன்னும் இறங்கவில்லை. நான் கிராணி பேத்தி என்று கேள்விப்பட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கிராணிங்களுக்கு எல்லாம் தெரியும் டீச்சர். ஆள் நிப்பாட்டப் போறாங்கன்னா ஒரு மாசம் முந்தியே தெரியும். சொல்ல மாட்டாங்க. அவங்க பாடு அவங்களுக்கு.”

குற்றமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப்போல்தான் சொன்னார். நான் சிரித்து வைத்தேன்.

அன்றைய முதல் பன்னிரண்டு பேரில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். சி ரூசாவில் கடலோர ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு வேலை. எங்களுக்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், சம்பளமில்லாத லீவு. புருஷன் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர், இறந்துவிட்டார். லயத்து வீடு அவர் பேரில்தான் இருந்தது. செத்துப்போன ஆளுக்கு வீடு கிடையாது, பேர் இல்லாத பொண்டாட்டிக்கும் கிடையாது என்று ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் கூரை தகரமா ஓடா என்ற ஒரு கேள்விக்குப் பதிலாக அவர் என்னிடம் சொன்னார். அந்தப் பதிலுக்கு டெப்லட்டில் இரண்டு கட்டம்தான் இருந்தது. தகரம் என்று அமுக்கினேன்.

விளையாட்டு ஆரம்பித்ததும் அவர் மட்டும் திரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

“டீச்சர், இதுல எப்படி அமுக்கினா வூடு கெடைக்கும்?”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இதற்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும், எட்டு வினாடி வேலை. ஆனால் என் சட்டையில் ஒட்டியிருந்த அட்டையில், எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது என்று விதி இருந்தது. சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னேன்.

“உங்கள் விருப்பம்போல் செய்யலாம்.”

அவர் தலையாட்டினார். ஆபீஸ் ஆள் உன் இஷ்டம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஒரு மூச்சு இழுத்து, கோட்டைக் கடைசி வரை இழுத்தார். ஐம்பதும் அந்தப் பக்கம் போயிற்று. தமக்கு ஒன்றும் இல்லை.

மற்ற பதினோரு பேரும் அதையே செய்திருந்தார்கள்.

பேராசிரியரின் மடிக்கணினியில் எல்லாருடைய முடிவும் பச்சைக் கம்பங்களாக எழும். அன்றைக்குப் பன்னிரண்டும் கூரை தொட்டு நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எத்தனையோ நாடுகளில் இதைச் செய்திருக்கிறேன், இப்படி ஒரு கொடையைப் பார்த்ததில்லை என்றார். கருவியில் கோளாறோ என்று டெப்லட்டுகளை அணைத்து மறுபடி போட்டார்கள். அடுத்த பன்னிரண்டு பேரும் முழுசாகக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது வாழை இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு விவரம் தேநீர் நேரத்தில் கிடைத்தது. மண்டோர்தான் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் கோயிலில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். ஐசி, போட்டோ, கூரை, குழாய் எல்லாம் கேட்கிறார்கள் என்றால் லிஸ்டுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. எங்கள் ஆய்வு நடந்த பக்கத்துத் தோட்டத்திலிருந்து, இந்தக் கேள்விகளும் ஐம்பது வெள்ளிக் கதையும் வாட்சாப்பில் முன்னாடியே வந்திருக்கிறது. பிறகு என்ன, திட்டம் தீட்டுவதுதான் பாக்கி.

“பேராசை புடிச்சவனுக்கு எவன் டீச்சர் வூடு குடுப்பான்? அதான் எல்லாரும் முழுசா குடுத்துருங்கன்னு சொல்லிட்டேன். ஒருத்தன் வச்சிக்கிட்டா மத்தவன் பேரும் கெட்டுப்போவும்லா.”

பெரட்டில் மண்டோர் சொன்னால் சொன்னதுதான். அக்கா என்னிடம் கேட்டதும் அதை ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். ரகசியத் தேர்வு, தனி மனித முடிவு, நடுவில் வைத்த அட்டை எல்லாம் அந்த ஒரு மனிதரின் குரலுக்கு முன்னால் நிற்கவில்லை. இருபத்து நான்கு சர்வாதிகாரிகளையும் அவர் ஒருவரே ஆண்டிருக்கிறார்.

திரும்பும் வழியில் வேனில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லவும் ஆரம்பித்தேன். இவர்கள் வீட்டு விஷயத்தோடு இதைச் சேர்த்து நினைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம், என்றேன். பேராசிரியர் உடனே திரும்பினார். யாராவது உன்னிடம் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டார். சொல்லியிருந்தால் இன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பை, இந்தத் தோட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான், மீதி மூன்று தோட்டமும் யோசிக்க வேண்டும் என்றார். மிரட்டலாக இல்லை. மனிதர் உண்மையிலேயே கவலைப்பட்டார். மீதி மூன்று தோட்டம் என்றால் எனக்கு ஐந்து மாத வேலை. அது போனால் மறுபடியும் கொசு.

“யாரும் சொல்லவில்லை. என் ஊகம்தான்,” என்றேன்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். நானும் சாய்ந்துகொண்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சாயங்காலம் எல்லார் ஹென்ட்போனிலும் பணம் வந்த சத்தம் கேட்டிருக்கும். வந்து போனதற்கான பத்து வெள்ளி. அதைப் பார்த்து யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். விட்டுக்கொடுத்த ஐம்பதை, பரீட்சைக்குக் கட்டிய பணம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் சுற்று. இந்த முறை பொறுமையைச் சோதித்தார்கள். இன்றைக்கே முப்பது வெள்ளி வேண்டுமா, மூன்று மாதம் கழித்து ஐம்பது வேண்டுமா என்று டெப்லட் கேட்கும். ஏழைகளுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று எங்கோ ஒரு கட்சி சொல்கிறதாம், தெரியும் என்று இன்னொரு கட்சி சொல்கிறதாம். மண்டோர் வாசலில் நின்றார். எல்லாரும் காத்திருக்கிறோம் என்று அமுக்கினார்கள். அக்கா அமுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காக இத்தனை வருடம் காத்திருக்கிறோம், மூன்று மாதம் ஒரு கணக்கா என்பது போன்ற சிரிப்பு. பேராசிரியருக்கு இந்த முறை கண் கலங்கிவிட்டது. கொடையும் உண்டு, பொறுமையும் உண்டு, இவர்களை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று என்னிடம் கேட்டார். கண்டுகொள்ளாத குடும்பத்துப் பேத்தியிடம் கேட்கிறார், பாவம்.

அக்கா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். மேல்மாடின்னாலும் பரவால்ல, லிப்ட் இல்லன்னாலும் பரவால்ல. என் பேருல ஒரு வூடு. லிஸ்ட் எப்ப டீச்சர் வரும்?”

“எனக்குத் தெரியலை அக்கா,” என்றேன். அது மட்டும் உண்மை.

ஆய்வு முடிந்த மறு வருடம், முடிவுகளைச் சொல்வதற்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். ஏழைகளின் கொடையைப் பற்றிப் பேச ஏற்ற இடம் கடலோர ஹோட்டல்தான் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். சி ரூசாவில் இரண்டு நாள், பஃபே சாப்பாடு, கழுத்தில் பேர் அட்டை. அக்கா வேலை செய்யும் ஹோட்டல் அதே கடற்கரையில் எங்கோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதுவாக இருக்காது என்று சொல்லிக்கொண்டு போனேன்.

பேராசிரியர் பேசும்போது திரையில் ஒரு படம் வந்தது. நீல உறை போட்ட டெப்லட், அதன் மேல் ஒரு பெண்ணின் விரல். பினாயிலில் ஊறி வெடித்த விரல். எனக்கு அது யார் என்று தெரிந்தது. அவையில் கைதட்டினார்கள். அடுத்த படத்தில் பச்சைக் கம்பங்கள் வரிசையாகக் கூரை தொட்டு நின்றன. மனித மனத்தைப் பற்றி நமக்கிருந்த எண்ணத்தையே இந்த மக்கள் மாற்றிவிட்டார்கள் என்று அவர் சொன்னதும் மறுபடியும் கைதட்டல். என்னை எழுந்து நிற்கச் சொன்னார், உள்ளூர் மொழிப் பாலம் என்று அறிமுகப்படுத்தினார். எனக்கும் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது.

தேநீர் இடைவேளையில் அறைக்குப் போய்விடலாம் என்று மேலே ஏறினேன். நடைபாதையில் துண்டுகளும் விரிப்புகளும் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்து அக்கா நிமிர்ந்தார். முதலில் மகிழ்ச்சிதான் அவர் முகத்தில் வந்தது.

“டீச்சர்! நீங்க இங்க தங்கியிருக்கீங்களா?”

நலம் விசாரித்தோம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“லிஸ்ட் வந்துருச்சு டீச்சர். தாடிக்கா கதவுல ஒட்டிட்டாங்க. என் பேரு இல்ல. ரெண்டு வாட்டியும் மண்டோர் சொன்ன மாதிரிதான் அமுக்கினேன், மொத வாட்டி ஒரு வெள்ளி கூட வச்சிக்கல. எதுல டீச்சர் தப்பா அமுக்கிட்டேன்? இன்னொரு வாட்டி விளையாட வுடுவீங்களா?”

இந்த முறை என் சட்டையில் விதி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சொன்னேன். அந்த விளையாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது அக்கா, அது மனிதர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும் படிப்பு, லிஸ்ட் எழுதினது வேறு ஆட்கள், நீங்கள் எப்படி அமுக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். முதல் நாளே அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய எட்டு வினாடி.

அவர் கையில் இருந்த துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆராய்ச்சிப் புத்தி விடவில்லை.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா எவ்வளவு கொடுத்திருப்பீங்க அக்கா?”

“எவனுக்கு? யாருன்னே தெரியாதவனுக்கா?” அக்கா என்னைப் பார்த்த பார்வையில் முதன்முதலாகக் கோபம் இருந்தது. “ஒரு காசு குடுத்திருக்க மாட்டேன். கூரையில ஒழுகுது. அம்பது வெள்ளிக்கு ரெண்டு தகரமாச்சும் வாங்கியிருப்பேன்.”

அந்த முழு ஆராய்ச்சியிலும் கிடைத்த ஒரே உண்மையான பதில் அதுதான். கீழே கூட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. அக்கா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். தள்ளவில்லை.

“நாங்க எல்லாருமே வூட்டுக்குன்னு நெனச்சிதான் அமுக்குறோம்னு, ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமா டீச்சர்?”

பொய் சொல்ல வாய் பழகியிருந்தது. ஆனால் வரவில்லை.

“தெரியும் அக்கா.”

அவர் என் கழுத்தில் தொங்கிய பேர் அட்டையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் அறைக்கு வேண்டிய இரண்டு துண்டுகளை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“சரிங்க கிராணி,” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.